சைவக் கோழி தந்த பயம்

புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் சைவம்தான். மலேசியாவில், பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டும் என் கணவருக்குப் பல வருடங்களாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. கோழி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் சோயாவில் கோழி போலவே செய்து பாக்கெட்டில் விற்கும் சைவக் கோழித் துண்டுகளைப் பொரித்து, தினமும் டப்பா நிறையக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டாம் வாரம் ஓயாமல் தாகம் என்றார். வெயில் என்று விட்டுவிட்டேன். ஒரு மதியம் போன் வந்தது.

“ரோடு ரெண்டு ரெண்டா தெரியுது லா. தோட்டத்து வாசல்கிட்ட லாரிய ஓரமா நிறுத்திட்டேன்.”

“சாவிய தொடாதீங்க, வர்றேன்!”

பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஓடினேன். வழியெல்லாம் அழைத்தேன், அவர் எடுக்கவே இல்லை. போய்ப் பார்த்தால் ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தார். தட்டியதும் கண் திறந்தார்.

கிளினிக்கில் சர்க்கரை மீட்டர் இருபத்து மூன்று காட்டியது; எங்கள் ஊர்க் கணக்கில் பத்தைத் தாண்டினாலே அதிகம். என்ன சாப்பிட்டார் என்று விசாரித்த தாதி, “அக்கா, பாக்கெட்ட படிச்சீங்களா? மேல மாவு, உள்ள சீனி. சைவம்னா சீனி இருக்காதா?” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து தேறி வந்தார். இப்போது கடையிலேயே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிறேன். மாவும் சீனியும் அதிகமென்றால் வாங்குவதில்லை. காலையில் விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்த பிறகே அவரை வேலைக்கு அனுப்புகிறேன்.