உக்கிரபாண்டி அண்ணாச்சியின் கபாலம்

எங்கள் பட்டாசுக் கம்பெனி போர்மேன் உக்கிரபாண்டிக்குத் தலை ஒன்றுதான். அதில் இருந்த கனத்துக்கு நாலு தலை வேண்டும். சிவகாசியில் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனவர், திரும்பி அச்சங்குளம் வரும்போது ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டையும் ஒரு சொல்லையும் கொண்டுவந்தார். மண்டையோட்டைப் பேக்கிங் ஷெட் மேசையில் வைத்தார். சொல்லை எங்கள் தலையில் கட்டினார்.

அந்தச் சொல் கபாலம். மண்டை என்று இனி யாரும் பேசக்கூடாதாம். மண்டை என்றால் முடி, தோல், பேன் எல்லாம் சேர்ந்ததாம். கபாலம் என்றால் மூளையை மூடிக் காக்கிற எலும்பு மட்டும்தான், தாடைகூட அதில் சேராது என்று பிளாஸ்டிக் தாடையைக் கழற்றிக் காட்டினார். அன்றிலிருந்து எவளாவது மண்டையிடி என்றால், கபாலத்தில் எந்தப் பக்கம் என்று கேட்பார். சாவு விழுந்த துட்டி வீட்டில் போய், பெரியவர் கபாலத்தைப் போட்டுவிட்டாரா என்று கேட்காமல் வந்தாரே, அதுவே பெரிய காரியம்.

எங்கள் கவலை வேறு. பாண்டிலட்சுமி உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு நேர் மேலே கூரையின் சிமெண்ட் ஷீட் விரிசல் விட்டுத் தொங்கியது. மாற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அன்றும் கேட்டாள். ஆர்டர் தலைக்குமேல் கிடக்கிறது, சீசன் முடியட்டும் என்றார். அத்தோடு விட்டாரா? மனிதக் கபாலம் எட்டு எலும்பு சேர்ந்தது, லேசில் உடையாது என்று பிளாஸ்டிக் மண்டையைத் தட்டியும் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கி அவர் மேலேயே எறிந்திருப்பேன்.

பாண்டிலட்சுமி கோபப்படவில்லை. என் மண்டை தப்பினால் மொட்டை போடுகிறேன் என்று இருக்கன்குடி மாரியாத்தாவுக்கு நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையை அவருக்குக் காட்டினாள்.

"அம்புட்டுக் கெட்டின்னா, செத்த நேரம் நீங்க இங்கன உக்காருங்க அண்ணாச்சி."

ஷெட்டே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டும் நெற்றி எலும்பு, பிடரி எலும்பு என்று அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மயிலுக்கா பஞ்சம்? ஒன்று தொப்பென்று கூரையில் வந்து இறங்கியது. ஷீட்டிலிருந்து கையகலச் சில்லு ஒன்று பெயர்ந்து அவர் உச்சியில் விழுந்தது. மனுஷன் மேசையைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். பிளாஸ்டிக் மண்டையோடு ஒரு பக்கமும் தாடை ஒரு பக்கமுமாக உருண்டன.

"ஐயோ, எம் மண்டை போச்சே!"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா இல்லை. எங்கள் மண்டைக்கு இத்தனை நாளாக வராத ஷீட், அவர் மண்டைக்கு அன்று சாயங்காலமே சாத்தூரிலிருந்து வந்து இறங்கியது. சீசன் அப்படியேதான் இருந்தது, ஆர்டரும் அப்படியேதான் கிடந்தது.

அடுத்த வாரம் பாண்டிலட்சுமி வேண்டுதலை முடித்து மொட்டைத் தலையோடு வந்தாள். தலையில் கட்டுப் போட்டிருந்த போர்மேன் முன்னால் போய் நின்றாள். கபாலத்தில் எந்தப் பக்கம் வலி என்று ரொம்பப் பணிவாக விசாரித்தாள்.

அவர் புது ஷீட்டை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

"மண்டை பூராவும் வலிக்கு தாயி."