இரண்டாவது இருமல்

செஞ்சிக் கடைத்தெருவில் பூவராகவன் மளிகைக்கடை என்றால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். அந்தப் பூவராகவன் என் வீட்டுக்காரர். டென்ட் கொட்டாயில் புதுப் படம் மாறினால் மறுநாள் காலை ஊரே கடைக்கு வந்து, "இன்னா மொதலாளி, பாக்கலாமா?" என்று கேட்கும். அவர் தலையாட்டினால் படம் இரண்டு வாரம் ஓடும். உதட்டைப் பிதுக்கினால் மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ரசிகர்.

அந்த மனுஷனுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் கண் தெரியாது!

இது எனக்கு மட்டும்தான் தெரியும். பருப்பில் கிடக்கும் கல்லைக் கண்ணருகே வைத்துப் பொறுக்கிவிடுவார். கடைக்கு வருகிறவர்களைக் குரலை வைத்தே பேர் சொல்லிக் கூப்பிடுவார். கண்ணாடி போடச் சொன்னால், "முப்பத்தெட்டு வயசுல கெழவனாட்டம் சுத்தச் சொல்றியா?" என்று எரிந்து விழுவார்.

அப்புறம் எப்படி ரசிகர்? நான்தான். கொட்டாயில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். படம் முழுக்க அவர் காதில் ஓதிக்கொண்டே இருப்பேன். பார்த்தவர்கள் கொஞ்சிக்கொள்கிறோம் என்று நினைத்தார்கள். கொஞ்சலாவது கிஞ்சலாவது! அவள் அழுகிறாள், இவன் கத்தியை எடுக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிடும். ஒரே ஒரு படமாவது வாயை மூடிக்கொண்டு நிம்மதியாகப் பார்க்கவேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக நான் கேட்டது இது ஒன்றுதான்.

அந்தக் கடுப்பில் சில நாள் வேலை காட்டுவேன். ஒரு படத்தில் கதாநாயகியின் அண்ணனை எனக்குப் பிடிக்கவே இல்லை. பாதியிலேயே செத்துப்போய்விட்டான் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் இவர் கடையில் அந்தச் சாவை உருக உருக வர்ணித்தார். முந்தின நாளே படம் பார்த்திருந்த வாடிக்கைக்காரர் தங்கராசு திருதிருவென்று முழித்தார். "நடுவுல கண்ணு அசந்துட்டேன் போலக்குது மொதலாளி" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். ரசிகரைச் சந்தேகப்பட யாருக்குத் துணிச்சல்?

அறுபத்து நாலில் பள்ளிக்கூடக் கட்டிட நிதிக்காகப் பட்டணத்திலிருந்து ஒரு பெண்ணை நாட்டியமாட அழைத்தார்கள். தலைமை என் வீட்டுக்காரர். கேட்டதும் எனக்கு ஒரே குஷி. தலைவருக்கு முன் வரிசை நாற்காலி, எனக்குப் பெண்கள் பக்கம் பாய். இனி எப்படி ஓதுவதாம்?

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஜானகி, இருமியாவது காட்டு. ஒரு தடவ இருமினா தலையாட்டறேன். ரெண்டு தடவ இருமினா கைதட்டறேன்" என்று கெஞ்சினார். பார்க்கப் பாவமாக இருந்தது, சரியென்றேன். இருமிக்கொண்டே பார்ப்பது ஓதிக்கொண்டே பார்ப்பதற்கு எவ்வளவோ மேல்.

திரை விலகியது. மேடையில் நாட்டியக்காரி இல்லை. ஒயர்மேன் பச்சைமுத்து ஏணி மேல் நின்று, எரியாத பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் தொண்டையில் வேர்க்கடலைத் தோல் சிக்கியது. இருமினேன். இவர் மேடையைப் பார்த்து மெய்ம்மறந்து தலையாட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் இருமல் கடலைத் தோல்தான். இரண்டாவதுக்கு நான் பொறுப்பு.

"சபாஷ்!" என்று கைதட்டினார். ரசிகரே தட்டிவிட்டாரே என்று முன் வரிசை தட்டியது, பின்னாலேயே கூட்டம் முழுக்கத் தட்டியது. பச்சைமுத்து ஏணியிலிருந்து விழப் பார்த்தார். பிறகு பல்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். அதற்கப்புறம்தான் ஊருக்கு உறைத்தது. கொல்லென்று சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாட்டியம் தொடங்கியது. கட்டிய புருஷன் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது சலங்கை எங்கே காதில் ஏறும்? ஓர் அடவுகூட நான் பார்க்கவில்லை.

கடைசியில் தலைவர் பேச எழுந்தார்.

"ஆடறவங்களுக்கு எல்லாரும் கைதட்டுவீங்க. வெளிச்சம் போடறவருக்கு யார்யா தட்டறது? அதான் மொதல் தட்டு அவருக்கு" என்றார்.

பந்தல் அதிர்ந்தது. பச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த ரெண்டாவது இருமலு நெசமா?"

"இல்லைங்க."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திங்கட்கிழமை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார். கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடியோடு திரும்பினார்.

அந்த வாரமே கொட்டாய்க்குப் போனோம். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆகா, என்ன சுகம்! கதாநாயகியின் அம்மா சாகக் கிடக்கிறாள், நான் தேம்பிக்கொண்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பினேன். மனுஷன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் முழங்கையை ஊன்றி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது? படத்தப் பாருங்க" என்று அதட்டினேன்.

"பாத்துக்கினுதான் இருக்குறேன். அவ மொறச்சா நீயும் மொறைக்கிற, அவ அழுதா நீயும் அழுவுற. இத்தினி படத்துக்குக் கத சொன்னியே, இத மட்டும் சொல்லாம வுட்டுட்டியே ஜானகி."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு தடவை இருமினேன்.

"சபாஷ்!" என்று கைதட்டினார். ரசிகர் தட்டினால் ஊர் சும்மா இருக்குமா? செத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குக் கொட்டாயே எழுந்து நின்று கைதட்டியது. அந்த அமளியில் அவள் கடைசியாக என்ன சொல்லிவிட்டுச் செத்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.