ஆஷ்கில் வெட்டில் நின்ற ரயில்

ஹிலரி சக்டனுக்கு ரயில் மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. எங்கள் லைனில் இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே ஆள் அவர்தான். இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது வீட்டில் கணவர் இல்லை. கிளிஃபர்ட் புதன்கிழமைகளில் ஷெட்டில் என்ஜினுக்கு அடியில் கிடப்பார். சனி, ஞாயிறுகளில் அதே என்ஜினை ஓட்டுவார். மற்ற நாட்களில் அதைப் பற்றிப் பேசுவார்.

"புருஷனப் பாக்கணும்னா டிக்கெட் வாங்கணும் போலிருந்துச்சு. அதான் டிக்கெட் இல்லாம ஏறுற வேலையாப் பாத்துச் சேந்துட்டேன்" என்பார் ஹிலரி. அப்படித்தான் ரயில் கார்டு ஆனார்.

எங்களுடையது ஏழு மைல் லைன். அரசாங்கம் மூடிவிட்டுப் போனதைப் பள்ளத்தாக்குக்காரர்கள் திறந்து, சம்பளமில்லாமல் ஓட்டுகிறோம். வருகிற கூட்டம் நீராவி என்ஜினைப் பார்க்கத்தான் வருகிறது. டீசல்காரர்களைப் பார்த்தால் நீராவிக்காரர்களுக்கு இளக்காரம். "என்னய்யா, இன்னிக்கும் பஸ்ஸா ஓட்டுற?" என்று கேட்பார்கள். ஆனால் கோடையில் புல் காய்ந்து, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்று நீராவியை நிறுத்திவிடும் வாரங்களில் கூட்டத்தை இழுப்பது டீசல்தான். அதற்குப் பெயர் கிடையாது, பச்சை என்போம். அறுபது வருஷத்து என்ஜின். அதன் ஒவ்வொரு குழாயும் எங்கே வளைகிறது என்று கிளிஃபர்ட் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

நீராவிக்கு இரண்டு பேர் வேண்டும். பச்சைக்கு ஒரு ஆள் போதும் என்பது எங்கள் வழக்கம். ஓட்டுநரின் காலடியில் ஒரு மிதி இருக்கிறது. ஓடும்போது அதை அழுத்தியபடியே இருக்க வேண்டும். கால் எடுபட்டால் ஐந்து வினாடியில் பிரேக் தானாகப் பிடித்து வண்டியை நிறுத்திவிடும்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, பாறையை வெட்டி லைன் போட்ட ஆஷ்கில் வெட்டுக்குள், பச்சை இழுத்த வண்டி நின்றது. இரண்டு நிமிஷத்தில் மறுபடி கிளம்பியது. ரேக்ஸ்பி நிலையத்தில் இறங்கியதும், "லைன்ல ஆடு" என்றார் கிளிஃபர்ட். கார்டு கடைசிப் பெட்டியில் இருப்பவர். அங்கிருந்து முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. எங்கள் பதிவேட்டில் காரணமில்லாத நிறுத்தம் இருக்கக் கூடாது. கார்டு காரணத்தை எழுத, ஓட்டுநர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஹிலரி 'ஆடு' என்று எழுதினார். கிளிஃபர்ட் கையெழுத்துப் போட்டார்.

ஆடு என்று எழுதினால் அலுவலகத்திலிருந்து பக்கத்து நிலத்துக்காரருக்கு, சுவரைச் சரிபார்க்கச் சொல்லிக் கடிதம் போகும். இதைக் கணவன் மனைவி இருவருமே யோசிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆம்ப்ளர் என்ற விவசாயி அந்தக் கடிதத்தோடு பிளாட்பாரத்துக்கு வந்து நின்றார்.

"ஹிலரி, இந்தக் கடுதாசியெல்லாம் உங்க ஆபீஸ்ல யாரு எழுதுறது?"

"ஏன், உங்க பேரத் தப்பா எழுதிட்டாங்களா?"

"என் சுவரு உங்க ஸ்டேஷன் சுவர விட நல்லாருக்கு, அத விடு. ஒம்பதாம் தேதி என் ஆடு அம்புட்டும் குட்டி போடுறதுக்குக் கொட்டாய்க்குள்ள கெடந்துச்சு. அந்த வயல்ல ஒரு வாலுகூடக் கிடையாது."

"வேற யாரோட ஆடாச்சும் வந்திருக்கும்."

"அந்தப் பக்கம் வேற யாருக்கு ஆடு இருக்கு? உன் வீட்டுக்காரர் கனவு கண்டிருப்பாரு."

ஆம்ப்ளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஹிலரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயந்தரச் சாப்பாட்டின்போது கேட்டார். கிளிஃபர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆடு மாதிரி ஏதோ. முயலா இருந்திருக்கும்" என்றார்.

"முயலுக்கா ரயில நிறுத்துன?"

"பட்டாணிய இந்தப் பக்கம் தள்ளு."

ஹிலரி தள்ளிவிட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான். ஆடு இல்லையென்றால், கிளிஃபர்டுக்கு நினைவு தப்பிக் கால் மிதியிலிருந்து எடுபட்டிருக்க வேண்டும். அப்படி என்று டாக்டரிடம் சொன்னால் ரயில் மட்டுமல்ல, கார் ஓட்டும் உரிமமும் போய்விடும். அவர்கள் வீடு பள்ளத்தாக்கின் மேல்கோடியில் கடைசி வீடு. அந்தப் பக்கம் பஸ் நின்று பதினோரு வருஷம் ஆகிறது. ஹிலரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வெட்டுக்குள் நுழையும்போதும், கார்டு பெட்டியில் இருக்கிற பிரேக் பிடியில் கையை வைத்துக்கொண்டு என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். கோடை முழுக்க அப்படி ஓடியது. எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி மறுபடி அதே வெட்டில், இரண்டு மணி பதினேழுக்கு நின்றது. மெதுவாக நிற்கவில்லை. பெட்டிகளில் கோப்பைகள் உருண்டன. ஹிலரி பயணிகளை இடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு, ஜல்லியில் இறங்கி மூன்று பெட்டி தூரம் நடந்து என்ஜினில் ஏறினார்.

கிளிஃபர்ட் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால் மிதிமேல் இருந்தது.

"நீ எதுக்கு ஏறுற? கிளம்பப் போறேன்."

"ஆடா?"

"ஆமா."

"எங்க?"

"மேல ஏறிப் போயிருச்சு."

ஹிலரி கண்ணாடி வழியாகப் பார்த்தார். இரண்டு பக்கமும் இருபதடிக்குச் செங்குத்தான பாறை.

"ஆட்டுக்கு ஏணி போட்டுக் குடுத்தியா?"

கிளிஃபர்ட் மேலே பாறையைப் பார்த்தார்.

"கிளிஃப், உன் மடியில டீ கொட்டியிருக்கு. சுடலையா?"

கிளிஃபர்ட் குனிந்து பார்த்தார். பிளாஸ்க் மூடி கீழே கிடந்தது. கால்சட்டையில் தொடை வரைக்கும் நனைந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பார்த்த பிறகுதான் அவருக்கு எரிச்சலே தெரிந்தது. துணியைத் தோலிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சில செகண்டுதான், ஹிலரி. மிதி நிறுத்திருச்சு. அதுக்குத்தானே அது இருக்கு. நானே கழட்டி மாட்டினது."

"ரெண்டு தடவ நிறுத்திருச்சு."

"ஆடுன்னு எழுது. சீசன் முடியட்டும். அக்டோபர்ல நானே டாக்டர்ட்ட போறேன்."

"பின்னாடி நாப்பத்திமூணு பேரு இருக்காங்க. அதுல ஒம்பது குழந்தைங்க. எண்ணி ஏத்துனவ நான்."

"நீ எழுதினா காரும் போச்சு. மேல அந்த வீட்டுல ரெண்டு பேரும் எப்படி இருக்கப்போறோம்? அத யோசிச்சியா?"

"ஏப்ரல்லேருந்து வேற எதையுமே யோசிக்கல."

கிளிஃபர்ட் கையை பிரேக் பிடிமேல் வைத்தார். எடுக்கவுமில்லை, திருப்பவுமில்லை.

"கிளிஃபர்ட், எறங்கு" என்றார் ஹிலரி. அவர் கணவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் தட்டை வீசிய பையன்களிடம் பேசிய குரலாக இருந்திருக்கும். கிளிஃபர்ட் பிரேக்கை முழுதாகப் போட்டு, என்ஜினை அணைத்து, சாவியை உருவி மனைவியின் கையில் கொடுத்தார்.

தண்டவாளத்தோரம் இருக்கும் தொலைபேசியில் ஹிலரி உண்மையைத்தான் சொன்னார். ஷெட்டிலிருந்து இன்னொரு ஓட்டுநர் ஜோஸ்லின் ஹார்க்கர் கிளம்பி நடந்து வருவதாகவும், ரேக்ஸ்பியில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்றும் பதில் வந்தது. பயணிகள் கேட்டபோது, "ஓட்டுநருக்கு ஒடம்பு சரியில்ல, வேற ஆள் வராங்க" என்றார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. யாரோ இஞ்சி கேக் பொட்டலம் ஒன்றை, ஓட்டுநருக்கு என்று கொடுத்தனுப்பினார்கள்.

கார்டு பெட்டியில் சுவரோடு மடங்கும் பலகையில் கிளிஃபர்டை உட்காரவைத்து, ஈரத்துணியைத் தொடைமேல் போட்டார் ஹிலரி. பதிவேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். '2.17. ஓட்டுநருக்கு நினைவு தப்பியது. மிதி வண்டியை நிறுத்தியது.' அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார். 'ஏப்ரல் 9 அன்று நான் ஆடு என்று எழுதியது தவறு. இரண்டு வாரத்தில் அது தவறென்று தெரிந்தும் திருத்தவில்லை. எச். சக்டன்.'

கிளிஃபர்ட் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"அந்த ரெண்டாவது வரி எதுக்கு? உன்னையும் தூக்கிருவாங்க."

"தூக்கட்டும்."

பேனாவை நீட்டினார். கிளிஃபர்ட் வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓட்டுநர் கையெழுத்தில்லாத பதிவு தகராறாகத்தான் எண்ணப்படும், விசாரணைக்குப் போகும். இருவருக்கும் அது தெரியும்.

மூன்று மணிக்கு மேல் ஜோஸ்லின் வந்தார். கதவருகே நின்று, "கிளிஃப்" என்று மட்டும் சொன்னார். கிளிஃபர்ட் தலையாட்டினார்.

"என்ஜின் குளிர்ந்து போயிருக்கும். ரெண்டாவது தடவதான் பத்தும். பயந்துராத" என்றார்.

"தெரியும்."

இரண்டாவது தடவை பச்சை பற்றிக்கொண்டது. ஹிலரி ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டி, கொடியைத் தலைக்கு மேல் தூக்கி, முன்னால் ஓட்டுநரின் பதில் சங்கு ஒலிக்கும் வரை அசையாமல் பிடித்திருந்தார். பதினோரு வருஷமாகக் கிளிஃபர்ட் அந்தக் கொடியை முன்னாலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

"தோள் வலிக்காதா?" என்று கேட்டார்.

"வலிக்கும். நீ சீக்கிரம் சங்கு ஊதுனதே இல்ல."

வெட்டு முடிந்து வெளிச்சம் வந்தது. வளைவைத் தாண்டினால் ரேக்ஸ்பி. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. கிளிஃபர்ட் கையை நீட்டினார். ஹிலரி பதிவேட்டையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தார்.

"பதினேழு இல்ல, பதினாறு" என்றார் கிளிஃபர்ட். "நிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

நேரத்தை அடித்துத் திருத்தினார். அதன் கீழே, ஓட்டுநர் என்ற இடத்தில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டி நின்றபோது, மீதித் தூரம் ஓட்டிய ஜோஸ்லின் கையெழுத்துப் போடுவதற்கு அடுத்த வரியை விட்டு, பதிவேட்டை மூடி ஹிலரியிடம் கொடுத்தார்.