நெத்தோடு கட்டிய வேலி

பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் தெருச் சாக்கடைக்குத் தோட்டம் வந்தது. ராமநாதபுரத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் தெருவின் கழிவுநீர் முழுவதும் ஊருணியில்தான் விழுகிறது. அதில்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம், பிறகு சொறிகிறோம். இதற்குத் தீர்வாக நகராட்சியார் ஊருணிக்கு முன்னால் பள்ளம் வெட்டி, ஜல்லி பரப்பி, கல்வாழை நட்டார்கள். வேர்கள் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், ஓரளவு தெளிந்த நீர் ஊருணிக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். வெளியூர்களில் இது பலித்ததைப் படித்திருக்கிறேன்.

ஆட்டுக்குத் தடுப்பு வேண்டுமே. மேஸ்திரி இந்தப் பக்கத்து வழக்கப்படி சீமைக்கருவை முள்ளை வெட்டிவந்து அடைத்தார். கிளையெல்லாம் பழுத்த நெத்து, ஆடு விரும்பித் தின்னும் இனிப்புக் காய்.

“அண்ணே, நெத்த உதுத்துட்டுக் கட்டச் சொல்லுங்க. ஆடு அதத் தேடித்தான் வரும்” என்றேன்.

“முள்ளு இருக்கையில எப்படி சார் வரும்? நாங்க பாக்காத வேலியா?”

வந்தது. எதிர்வீட்டு அக்காவின் ஆடுகள் நெத்துக்காக வேலியைப் பிரித்தன. வந்த கையோடு கல்வாழையையும் தரைமட்டமாக மேய்ந்துவிட்டுப் போயின. அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

“எல போட்டுச் சோறும் வச்சுட்டு, ஏன் வந்தேன்னு கேக்குறீகளே தம்பி” என்றார்.

புழுக்கையில் கிடந்த கருவை விதைகள் சாக்கடை ஈரத்தில் முளைத்தன. ஆடியில் பள்ளம் முழுக்கப் பச்சை. பார்வையிட வந்த அதிகாரி செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“செழிப்பா வந்திருக்கே.”

“சார், இது கருவை. நட்டது கல்வாழை. அது அடியில மறுபடி துளிர்க்குது. கருவைய மட்டும் கையால பிடுங்கச் சொன்னாப் போதும்.”

“கருவையா? அத விட்டுவைக்கக் கூடாதே” என்றார். நான் சொன்னதில் அவர் காதில் ஏறியது அந்த ஒரு சொல்தான்.

ஆவணியில் ஜேசிபி வந்தது. கருவை, துளிர்த்த கல்வாழை, ஜல்லி, கரை எல்லாவற்றையும் ஒரே வாரலாக வாரிச் சாலையோரம் குவித்தது. சாக்கடைக்கு இப்போது தடையே இல்லை, முன்னைவிட வேகமாக ஊருணிக்குப் போகிறது. அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். “நீங்க சொல்லித்தானே சார் எடுத்தோம்” என்றார். போனை வைத்தேன்.

திரும்பினால் அக்கா நிற்கிறார்.

“எங்க ஆட்ட அம்புட்டுத் திட்டுனீக. அது வேரையாச்சும் விட்டுட்டுப் போச்சு.”

எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. குவியலைக் கிளறினேன். கல்வாழைக் கிழங்குகள் சில இன்னும் காயாமல் கிடந்தன. பொறுக்கத் தொடங்கினேன். ஐப்பசி மழைக்குள் ஊன்றினால் பிழைக்கும். அக்காவும் கூடையோடு வந்து குனிந்தார்.

“ஆட்டக் கட்டிப்போடுறீங்களா அக்கா?”

“அது ஆகாது தம்பி. வேலிய ஒழுங்காக் கட்டுங்க.”

மறுநாள் திருப்பாலைக்குடிக்குப் பஸ் ஏறினேன், வேலிக்குக் கிழிந்த மீன்வலை கேட்டு வாங்க.