ஞாயிற்றுக்கிழமைச் சிக்னல்

எங்கள் வீடு கடலோரத்தில், ஓர்ஸ் ஹில் என்கிற மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. முற்றத்தில் நின்று அண்ணாந்தால் மேட்டிலுள்ள போன் டவர் தெரியும். ஆனால் வீட்டுக்குள் என் போனில் ஒரு கோடுகூட ஏறாது. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்.

கணவர் காலமாகி ஆறு வருடம். ஒரே மகன் கனடாவில். ஞாயிறு பின்னேரம், அங்கே விடிந்த பிறகு, எனக்குப் போன் எடுப்பான். கிழமை முழுவதும் நான் காத்திருப்பது அதற்காகத்தான். அறுபத்தெட்டு வயதில் பாசி பிடித்த கல்லில் ஏறி நிற்கிற என்னைப் பார்த்து அயலார் சிரித்திருக்கலாம். சிரிக்கட்டும்.

சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டனீங்களோ, அங்க மழையோ என்று கேட்பான். பதில் சொல்லிவிட்டு என் கதையைத் தொடங்கினால் உடனே லைன் குழம்பிவிடும்.

“ஹலோ, அம்மா, வெட்டி வெட்டி வருது. பிறகு எடுக்கிறன்.”

அந்தப் ‘பிறகு’ அடுத்த ஞாயிறுதான் வரும். டவரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக வேலை பார்த்தவள். ஊர் முழுவதையும் கொழும்போடு இணைத்துவிட்ட எனக்குப் பெற்ற பிள்ளையோடு பத்து நிமிடம் கதைக்க வழியில்லை என்றால் ஆத்திரம் வராதா?

கடைசியில் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றும் கூரைக்கு அன்டெனா ஒன்றும் வாங்கினேன். கூரையில் ஒரு குழாயைக் கட்டி, அன்டெனாவை மேட்டு டவருக்கு நேரே நானே திருப்பி வைத்தேன். ஒரு பலனும் இல்லை. பிறகு கடலுக்கு அக்கரையில் இருக்கிற கிண்ணியாவிலிருந்து இந்த வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்தேன். அவர் கூரையைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஏனம்மா இதை மலையைப் பாக்க வச்சிருக்கீங்க? டவர் உச்சியில. அதிலயிருந்து வாறது உங்கட தலைக்கு மேலால போயிடும்.”

“அப்ப எங்க திருப்ப?”

“கடலுக்குத் திருப்புவம். அங்கால எங்கட பக்கத்து டவர் நேரா இருக்கு. தண்ணிக்கு மேலால வாறதுக்கு ஒரு மறிப்பும் இல்லை.”

அவர் சொன்னது போலவே ஆயிற்று. சமைக்கிற குசினி வரை சிக்னல் நிறைந்து நின்றது. மட்டக்களப்பில் இருக்கிற சிநேகிதியோடு ஒரு மணி நேரம் கதைத்துப் பார்த்தேன். ஒரு சொல் சிதறவில்லை. மகனிடம் மட்டும் சொல்லவில்லை. திடீரென்று தெளிவாகக் கேட்டு அவன் அதிசயப்படட்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி நினைத்தேன்.

அந்த ஞாயிறு தேத்தண்ணியோடு கதிரையில் இருந்து கதைத்தேன். அவன் கோப்பையில் கரண்டியால் கிண்டுகிற சத்தம்கூடக் கேட்டது. சாப்பாடு, மருந்து, மழை மூன்றும் முடிந்தன. முழங்கால் நோவால் இரண்டு நாள் எழும்ப முடியாமல் கிடந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

“ஹலோ, அம்மா, வெட்டி வெட்டி வருது. பிறகு எடுக்கிறன்.”

அவனுடைய பக்கத்தில் பிழையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே வார்த்தைகள். அதற்கு மேல் என் காதை என்னாலேயே ஏமாற்ற முடியவில்லை. லைன் உண்மையாக அறுந்தால் சொல் பாதியில் போகும். பேசுகிறவர் அது தெரியாமல் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருப்பார். தானாக வெட்டுகிறவர்தான் வசனத்தை ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டு வைப்பார். எக்ஸ்சேஞ்சில் எத்தனை பேருடைய குரலில் இதைக் கேட்டிருக்கிறேன். அப்போது மறுமுனையில் காத்திருந்தவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் ஒரு நாளில் போய்விட்டது. மிச்ச நாளெல்லாம் பயம்தான். ரவுட்டர் வாங்கிப் பூட்டியதைச் சொன்னால் அவனுக்கு வெட்டுவதற்குச் சாட்டு இருக்காது. சாட்டு இல்லாவிட்டால் எடுப்பதையே விட்டுவிடுவானோ?

மூன்றாவது ஞாயிறு அவன் எடுத்தான். சாப்பிட்டேன், மருந்து போட்டேன், மழை இல்லை என்றேன். அவன் வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்.

“மகன், இஞ்ச சிக்னல் விட்டு விட்டு வருது. வைக்கட்டே?”

“ஓம் அம்மா, எனக்கும் அப்பிடித்தான் கேக்குது,” என்றான். குரலில் ஒரு ஆறுதல். “ரவுட்டர் ஒண்டு பூட்டுங்கோவன். இப்ப நல்ல சாமான் எல்லாம் வருதாமே.”

“ஓம், பாப்பம்,” என்றேன். “வாற ஞாயிறு எடுப்பாய்தானே?”

“எடுப்பன் அம்மா. கட்டாயம் எடுப்பன்.”

அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.