பின்சக்கரத்துக்குப் போட்ட கட்டை

அந்தக் காரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையைச் சுருட்டி வைக்கிற பந்தயக் கார். எங்கள் ரப்பர் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை சனிக்கிழமைதோறும் அதில் சீறிக்கொண்டு போவார். எங்கள் லயத்து வீடுகளின் கோழிகள் எத்தனையோ அதன் அடியில் செத்திருக்கின்றன. ஒன்றுக்கும் அவர் நிறுத்தியதில்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் பெட்டியும் நாயும் ஏறக்கூடிய பெரிய காரில் ஓடிப்போனார். சின்னக் காரைப் புகைக்கூடத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் விட்டுவிட்டார். எங்களையும் விட்டுவிட்டார்.

அதன்பிறகு எஸ்டேட், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியின் கைக்கு வந்தது. துரைக்கு முன்னால் எப்படி வளைந்து நின்றாரோ அப்படியே ஜப்பான் அதிகாரிக்கு முன்னாலும் வளைந்து நின்றார். எங்களிடம் மட்டும் நிமிர்ந்து நிற்பார். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது பட்டியல் எழுதியவரும் அவர்தான். அதில் என் மச்சான், அதாவது அக்காள் புருஷன் பெயர் இருந்தது. அக்காளுக்கு மூன்று பிள்ளைகள், நான்காவது வயிற்றில். முன்பு போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. நான் போய்க் கிராணியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. காரை அதிகாரிக்குக் கொடுத்து நல்லபேர் வாங்கியவர் அவர். அது சுங்கைப் பட்டாணி ரோட்டில் வாலை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு நண்டு நடை நடந்து, ஒரு வளைவில் அதிகாரியைக் கால்வாயில் கொண்டுபோய் விட்டது. மறுநாள் ஆள் கூப்பிடும் காலைப் பெரட்டில், முந்நூறு பேர் பார்க்க, கிராணிக்கு இரண்டு அறை விழுந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டார். நான் எஸ்டேட் லாரிகளைப் பழுது பார்க்கும் பிட்டர்.

"மூணு நாளு. காடி நேரா ஓடணும். ஓடுச்சுன்னா ஒன் மச்சான் பேர அடிச்சிர்றேன்" என்றார்.

எனக்கு ஒத்தாசைக்கு வந்தவனை நான் கூப்பிடவே இல்லை. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவன், நாற்பது வயதிருக்கும். கப்பலில் தனியாக வந்தவன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வாய் ஓயாது. வெற்றிலை கிடைக்காத அந்தக் காலத்திலும் ஏதோ ஒரு இலையை மென்றுகொண்டிருப்பான். மரம் வெட்டு நின்று போயிருந்ததால் பொழுது போகாமல் வந்து உட்கார்ந்துவிட்டான். போகச் சொன்னேன், போகவில்லை.

ஒன்றரை நாளை முன்சக்கரங்களில் வீணடித்தேன். ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கிறது என்று கிராணி சொன்னதை நம்பியது என் மடத்தனம். காற்றைச் சரிபார்த்து, முன்பக்கத்தைக் கழற்றி மாட்டினேன். ஓட்டிப் பார்த்தால் அதே நண்டு நடை. மூன்று நாளில் பாதி போய்விட்டது. அக்காள் மத்தியானச் சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நிற்பாள். அந்த நிற்பு எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகுதான் புத்தி வந்தது. நாலு சக்கரத்தையும் தண்ணீரால் நனைத்து, காய்ந்த சிமெண்டுத் தரையில் நேராகத் தள்ளச் சொன்னேன். பின்சக்கரத்தின் ஈரத்தடம் முன்சக்கரத்தின் தடத்தின் மேலேயே விழ வேண்டும். இரண்டு கோடு தெரிய வேண்டிய இடத்தில் நாலு கோடு தெரிந்தது. பின்னால் இருப்பவை வலப்பக்கம் விலகிக் கிடந்தன. கன்று நடும்போது வரிசை பிடிக்கிற கயிற்றை எடுத்து, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரைக்கும் இரண்டு பக்கமும் அளந்தேன். இடப்பக்கம் இரண்டு விரல்கடை குறைந்தது. அவன் கயிற்றின் மறுமுனையைத் தளர்த்திப் பிடித்ததற்கு வாயில் வந்தபடி திட்டினேன். "சரி தம்பி, இப்ப?" என்று இழுத்துப் பிடித்தான்.

அடியில் படுத்துப் பார்த்தால் விஷயம் அங்கே இருந்தது. பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்து நகராமல் பிடிக்கிற நடு போல்ட் இடப்பக்கம் அறுந்து, அச்சு அந்தப் பக்கம் மட்டும் முன்னால் நகர்ந்திருந்தது. துரு அல்ல. யாரோ பெரும் பலம் கொடுத்து அறுத்திருக்கிறார்கள். காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்த நாளில் நான் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தேன். யார் எடுத்தது, எப்படி எடுத்தது என்று கேட்டேன். அவன் குஷியாகச் சொன்னான்.

மூக்கை உள்ளே நீட்டி நின்ற காரை இருபது பேர் கயிறு கட்டிப் பின்பக்கமாக இழுத்திருக்கிறார்கள். வளைவில் திருப்ப வேண்டும். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருவருக்கும் துணிவில்லை. அது துரை உட்காரும் சீட்டாம். ஆகவே மாரியம்மன் தேரை எப்படித் திருப்புவார்களோ அப்படித் திருப்பியிருக்கிறார்கள். தேருக்குக் கட்டை போடுவது வருஷா வருஷம் என் மச்சான்தான். இருபது பேர் இழுத்துக்கொண்டிருக்கும்போது அவர் ஓடிப்போய் இடப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டையைப் போட்டார். "நல்லா திரும்புச்சு தம்பி" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துரை ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சீட்டைக் கண்டு நடுங்கிய இருபது பேர் மேலும் கோபம். கட்டை போட்ட மச்சான் மேலும் கோபம். கிராணிக்குத் தெரிந்தால் வேண்டுமென்றே உடைத்ததாகச் சொல்லி மச்சானின் தலையே போய்விடும். இதை வெளியே விட்டால் தொலைத்துவிடுவேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். அதன்பிறகு அன்று முழுக்கப் பேசவே இல்லை.

பொருத்த வேறு போல்ட் கிடையாது. செத்துக் கிடந்த லாரியிலிருந்து ஒன்றைக் கழற்றினேன். அதன் தலை பெரிது. அவன் அரத்தை வாங்கி அரை நாள் ராவினான். உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. கோணலாக ராவுகிறாய் என்று அதற்கும் திட்டினேன். பிறகு சங்கிலி போட்டு அச்சைப் பின்னால் இழுத்து, கயிற்றில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும்வரை தட்டி, போல்ட்டுகளை முறுக்கினேன். மறுபடி நனைத்துத் தள்ளினோம். இரண்டே கோடு.

அதிகாரி சுங்கைப் பட்டாணி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தான். சிரித்தான். கிராணி என்னை ஆபீசுக்குள் கூட்டிப்போய், சொன்னபடி மச்சானின் பெயரை அடித்தார். பென்சிலை வைக்கவில்லை.

"ஆளு எண்ணிக்கை கொறையக்கூடாது. நீயே ஒரு பேரு சொல்லு. இல்லாட்டி பழைய பேரே இருந்துட்டுப் போவட்டும்."

ஒவ்வொரு வீடாக யோசித்து, பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்களைக் கழித்து, நியாயம் பார்த்துச் சொன்னதாகத்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். யோசிக்கவே இல்லை. கேட்ட மாத்திரத்தில் அவன் பெயர் வாயில் வந்தது. அவனுக்கு அழ ஆளில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். கிராணி எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் லாரி வருவதற்கு முன்னால் என் வாசலில் வந்து நின்றான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. கையில் ஒரு தகரப்பெட்டி.

"என் பேரு எப்படியோ வந்துருச்சு தம்பி. ஒன் மச்சான் வெசயத்த நான் யார்கிட்டயும் சொல்லல, பயப்படாத. இத வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன். ஒன்ன விட்டா எனக்கு இங்க யாரு இருக்கா?"

இல்லை, நான்தான் சொன்னேன் என்று வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போய் லாரியில் ஏறினான். பெயர் சொன்னது பாவம்தான். ஆனால் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினேன் பாருங்கள், அதைவிடக் கேவலமான காரியத்தை நான் வாழ்நாளில் செய்ததில்லை.