நான் போட்ட துண்டு வயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தனியார் ஒருவர் நடத்திவந்த பால் குளிரூட்டும் நிலையத்தில் இது நடந்தது. பாலைக் குளிர வைக்கும் சில்லர் மிஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் நான். சுற்றுவட்டாரத்தில் எந்த மிஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தலைக்கனம் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

அந்த மிஷினுக்கு உயிரே ஒரு சின்னப் பெட்டிதான். உள்ளே மெல்லிய எவர்சில்வர் தகடுகளை நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஓர் இடுக்கில் குளிரூட்டும் கேஸ், அடுத்த இடுக்கில் தண்ணீர். கேஸ் ஆவியாகும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். சில்லென்று ஆன அந்தத் தண்ணீர்தான் பாலைக் குளிர வைக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஓட்டம் குறைந்தால் தகட்டுக்குள்ளேயே ஐஸாக உறைந்து தகட்டைப் பிளந்துவிடும். அப்படி ஆவதற்கு முன்பே மிஷினை நிறுத்துவதற்கு ஃப்ளோ ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு.

அது கெட்டுப்போய், தண்ணீர் நன்றாக ஓடும்போதும் மிஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. புது ஸ்விட்ச் கையில் இல்லை. பாலோ வந்து நிற்கிறது. ஒரு துண்டு வயரைப் போட்டு, அந்த ஸ்விட்ச் இல்லாமலேயே மிஷினை ஓட வைத்தேன். நாளைக்கு வந்து மாற்றிவிடலாம் என்று கிளம்பியவன்தான். வேலைக்கு மேல் வேலை. மூன்று வாரம் ஓடிப்போனது. வயர் போட்டதை, அங்கே மிஷின் பார்க்கும் அக்காவிடம் சொல்லவும் இல்லை.

அந்த அக்கா அதே ஊர்க்காரர். எட்டாம் வகுப்புதான் படிப்பு. ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிவிடுவார். "என்னக்கா, கலெக்டர் பரீட்சைக்கா எழுதுறீங்க?" என்று நான் கிண்டல் செய்வேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, நான் திருமயத்தில் வேறொரு வேலையில் இருந்தபோது போன் செய்தார். "தம்பி, வெளிய வார தண்ணியோட சூடு ரொம்பக் கீழ எறங்குது. என்னைக்கும் இப்புடி இருந்ததில்ல. நிறுத்திரவா?"

எனக்கு எரிச்சல். "பால் கெட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க? ஏதாச்சும்னா மிஷினே நின்னுக்கிரும். ஓட விடுங்கக்கா, வாரேன்" என்று வைத்துவிட்டேன். சத்தியமாக அந்த வயர் நினைவுக்கு வரவில்லை. பைக்கில் பாதி வழி வந்த பிறகுதான் பொறி தட்டியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போன் செய்தேன். "கடகடன்னு ஒரு சத்தம் தம்பி, நின்னுபோச்சு" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் வரும் வழியில் இருக்கும் ஃபில்டரில் உப்புப் பொருக்கு அடைத்து, தண்ணீர் ஓட்டம் குறைந்து, தகடு பிளந்து, கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசருக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. வேறு ஏற்பாடு செய்வதற்குள் அந்த வெயிலில் பாலும் புளித்தது. பின்பக்கம் தென்னை மரத்தடியில் திறந்துவிட்டார்கள். பாலைத் தரையில் கொட்ட எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. காலையில் கறந்து கொண்டுவந்த பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களுக்கு முன்னாலேயே முதலாளி அக்காவைப் பிடித்துக்கொண்டார். "மீட்டரப் பாக்காம யாரு வாயப் பாத்துக்கிட்டு இருந்தே?" அதற்குள் நான் பேனலைத் திறந்து வயரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பினால் பின்னால் அக்கா. நோட்டை விரித்து நீட்டினார். நேரத்தோடு எழுதியிருந்தது: 'தண்ணீர் சூடு ரொம்ப இறங்குகிறது. மெக்கானிக் தம்பியிடம் சொன்னேன். ஓட விடச் சொன்னார்.'

"நான் காட்டுனா, பெறகு எழுதுனதும்பாங்க. நீங்களே சொல்லிருங்க தம்பி" என்றார்.

நான் சொல்லவில்லை. "ஃபில்டர் அடைச்சிருச்சு மொதலாளி" என்று மட்டும் சொன்னேன். ஃபில்டரைச் சுத்தம் செய்வது அக்காவின் வேலை. இனிமேல் வர வேண்டாம் என்று அப்போதே அவரை அனுப்பிவிட்டார்கள். வயரை மறந்தது என் கவனக்குறைவு. பழியை அக்கா மேல் விழவிட்டதை நான் தெரிந்தே செய்தேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் முதலாளி முன்னால் அந்த வயரை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாங்காத பேச்செல்லாம் வாங்கினேன். வாங்க வேண்டியதுதான். அக்காவைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி அவரே ஆள் அனுப்பினார்.

அக்கா வீட்டுக்கு நானும் போனேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"இப்பவாச்சும் சொன்னீங்களே, அது போதும் தம்பி. ஆனா இந்த ரெண்டு நாளும் கொழாயடில எங்கூட ஒருத்தரும் பேசல. ஒங்காத்தாளாலதான் எங்க பால் போச்சுன்னு, வெளையாடப் போன எம் மகளப் புள்ளைக சேத்துக்கல. அத என்னத்தச் சொல்லித் திருப்புறது?" என்றார்.

 

அக்கா இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார். நானும் எந்த மிஷினில் கை வைத்தாலும், செய்ததைத் தாளில் எழுதி, அதை ஓட்டுகிறவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஆனாலும், நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாள் ஒரு பிள்ளை தெருவில் தனியாக நின்றதை நினைத்தால், வேலை பார்த்துக்கொண்டிருக்கும் கை இன்றும் அப்படியே நின்றுவிடுகிறது.